மருந்தின் மேல் மருந்து

நோய்க்கு மருந்து கொடுக்கலாம். மருந்துக்கும் மசியாத நோய்க்கு எதைக் கொடுப்பது? மனச்சோர்வு என்னும் வியாதியைக் குறித்து மேல்நாட்டு வைத்திய உலகில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதத்தின் சாரம் இக்கேள்விதான். முதலில் கொடுத்த மருந்து குணம் தராவிட்டால் அதை நிறுத்திவிட்டு வேறொன்றைக் கொடுப்பதா? அல்லது அதையும் வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு துணை மருந்தைச் சேர்ப்பதா? சேர்ப்பதானால் எதைச் சேர்ப்பது? இவற்றுக்கு விடை காண அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கொண்டு பரீட்சைகள் நடந்திருக்கின்றன.

இது வைத்தியர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், பொதுஜனங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அந்த நினைப்புச் சரியன்று. ஒரு மருந்து குணம் தருகிறதா என்று கண்டறிவது வைத்தியரின் வேலையே. ஆனால் எந்த மருந்தைப் பரீட்சிப்பது, அதை எதனுடன் ஒப்பிடுவது, எத்தனை நாள் கவனிப்பது, முடிவு பாதகமாயிருந்தால் வெளியிடுவதா மறைப்பதா என்பவையெல்லாம் பரீட்சைக்குப் பணம் கொடுப்பவரின் கையில் இருக்கின்றன. பரீட்சை என்பது கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். கேளாத கேள்விக்குச் சொல்லாது. ஆகவே கேள்வி கேட்பவர் யார் என்பது பொதுஜனங்கள் கவனிக்க வேண்டிய விஷயமாகிறது.

மனச்சோர்வு என்றதும் துக்கத்தால் வரும் வாட்டம் என்று எண்ணிவிடலாகாது. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பற்றற்று, நாளெல்லாம் தன்னைத் தானே பழித்துக்கொண்டு, சாவதே மேல் என்ற எண்ணம் வரையில் மனிதனை இழுத்துச் செல்லும் வியாதி அது. ஸ்விட்சர்லாந்தில் ரோலண்டு கூன் என்ற வைத்தியர் இமிப்ரமின் என்னும் மருந்து இந்நோய்க்குக் குணம் தருவதாக 1957-இல் வெளியிட்டார். அதற்குப் பின் பல மருந்துகள் வந்தன. எனினும், எந்த மருந்தும் எல்லோருக்கும் குணம் தரவில்லை. அமெரிக்க சர்க்காரின் தேசிய மனநல ஆராய்ச்சி ஸ்தாபனம் ஏறக்குறைய 3.5 கோடி டாலர் செலவில் 'ஸ்டார்-டி' என்ற பெரிய பரீட்சையை நடத்தியது. அதில் 4,041 நோயாளிகள் சேர்ந்தனர். முதலில் சிட்டலோப்ராம் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், நோய்க்குறிகள் அனேகமாக நீங்கித் தெளிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. மற்ற இரண்டு பங்கினரின் கதி என்ன என்பதே நம் முன்னுள்ள பிரச்சினை.

துணை மருந்து என்ற யோசனை புதிதன்று. 1981-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தில் டிமாண்டினி என்பவரும் அவருடைய சகாக்களும், மருந்துக்குக் கட்டுப்படாத எட்டு நோயாளிகளுக்கு, அவர்கள் சாப்பிட்டுவந்த மருந்துடன் லித்தியம் என்ற உப்பைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 48 மணி நேரத்துக்குள் நல்ல மாறுதல் தெரிந்ததாகத் தெரிவித்தார்கள். எட்டுப் பேரைக் கொண்டு ஒரு சாஸ்திரத்தை நிர்மாணிக்க முடியாது. ஆயினும் வழி திறந்தது. தைராய்டு சுரப்பியின் சத்து, பித்தம் தெளிவிப்பதற்கென்று ஏற்பட்ட மருந்துகள், இன்னும் பலவகை மருந்துகளும் துணைக்கு அழைக்கப்பட்டன.

துணை மருந்தைப் பரீட்சிக்கும் முறையை வாசகர்கள் சற்று அறிந்துகொள்வது நல்லது. முதலில் நோயாளிக்கு வழக்கமான மருந்து ஒன்றை எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதில் குணமடைந்தவர்களை நீக்கிவிட்டு, மற்றவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பிரிவாகப் பிரிக்கிறார்கள். இரு பிரிவினரும் பழைய மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள். ஒரு பிரிவினருக்கு அதனுடன் புதிய துணை மருந்தும், மற்றப் பிரிவினருக்கு அதே உருவமுள்ள, மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுக்கப்படும். யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது. அவரைக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளும் வைத்தியருக்கும் தெரியாது. நோயின் கடுமையை அளக்க 1979-இல் மாண்ட்கோமரி, ஆஸ்பெர்க் என்ற இருவர் வகுத்த அளவுகோல் பெரும்பாலும் உபயோகமாகிறது. பத்து விஷயங்களுக்கு மார்க் போட்டுக் கூட்டினால் 0 முதல் 60 வரை வரும். மார்க் குறையக் குறைய நோய் தணிந்தது என்று பொருள்.

வெறும் மாத்திரை எதற்கு என்று கேட்கலாம். மனச்சோர்வு ஏறும், இறங்கும். காலம் செல்ல, தானாகவும் தணியும். மேலும் வாரந்தோறும் ஒருவர் வந்து பரிவுடன் விசாரிப்பதே நோயாளிக்குப் பாதி பலம். இவற்றால் வந்த நன்மையை மருந்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

இம்முறையில் பரீட்சிக்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றது அரிப்பிப்ரசோல் என்ற மருந்து. ஜப்பானிய ஒட்ஸுகா கம்பெனியும் அமெரிக்க பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனியும் அக்காலத்தில் இதைச் சேர்ந்து விற்றுவந்தன. அவர்களுடைய பரீட்சைகளில் 2007-இல் வெளிவந்த முதலாவதன் முடிவு இது: ஆறு வாரத்தில் துணை மருந்து சாப்பிட்டவர்களின் மார்க் சராசரி 8.8 குறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 5.8 குறைந்தது. 60 மார்க் அளவுகோலில் வித்தியாசம் மூன்றே மார்க்குகள். நோய் தெளிந்தவர்கள் அப்பிரிவில் நூற்றுக்கு 26, இப்பிரிவில் 15.7. அதாவது நூறு பேருக்குத் துணை மருந்து கொடுத்தால், அதன் காரணமாகத் தெளிவடைவோர் சுமார் பத்துப் பேர். அதே சமயத்தில், ஓரிடத்தில் உட்காரவும் நிற்கவும் ஒட்டாமல் உடலை அலைக்கழிக்கும் ஒருவகைத் தவிப்பு, துணை மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு உண்டாயிற்று. மற்றவர்களில் 5 பேருக்கும் குறைவாகவே உண்டாயிற்று. அந்த வருஷம் நவம்பர் மாதத்திலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக இலாகா இதைத் துணை மருந்தாக உபயோகிக்க அனுமதி அளித்துவிட்டது. 2009-இல் குவெட்டியாபைனும், 2015-இல் பிரெக்ஸ்பிப்ரசோலும், 2022-இல் காரிப்ரசினும் இதே வாயில் வழியாக உள்ளே வந்தன.

பத்துப் பேர் தெளிவடைவது அற்ப விஷயமன்று. சாவை விரும்பி உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேலைக்குப் போவாரானால், அதன் மதிப்பை மார்க்குகளால் அளக்க முடியாது. நாம் இம்மருந்தை இகழவில்லை. நாம் சொல்வது வேறு. இந்தப் பரீட்சை கேட்ட கேள்வி, 'வெறும் மாத்திரையைவிட இது மேலா?' என்பது. இலாகாவின் அனுமதிக்கு அது போதும். கம்பெனியின் வியாபாரத்துக்கும் அது போதும். ஆனால் வைத்தியரின் எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி கேட்பது அதுவன்று. 'இப்போது சாப்பிடும் மருந்தை மாற்றட்டுமா, இதனுடன் இன்னொன்றைச் சேர்க்கட்டுமா? சேர்த்தால் எனக்கு என்ன தீங்கு வரும்? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?' என்றே அவர் கேட்கிறார். அவர் முன்னுள்ள மாற்று, வெறும் மாத்திரையல்ல. வேறு ஒரு மருந்து.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பொதுப்பணம் வேண்டியிருந்தது. அமெரிக்க சர்க்காரின் முன்னாள் போர்வீரர் நலத்துறை, தனது 35 வைத்திய நிலையங்களில் 1,522 நோயாளிகளைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தி, 2017-இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினர் பழைய மருந்தை விட்டுப் புப்ரோப்பியான் என்ற மருந்துக்கு மாறினர். இரண்டாவது பிரிவினர் பழையதுடன் புப்ரோப்பியானைச் சேர்த்தனர். மூன்றாவது பிரிவினர் அரிப்பிப்ரசோலைச் சேர்த்தனர். 12 வாரத்தில் நோய் தெளிந்தவர்கள் முறையே நூற்றுக்கு 22.3, 26.9, 28.9. அரிப்பிப்ரசோலைச் சேர்ப்பது மருந்தை மாற்றுவதைவிட மேல் என்பது ருசுவாயிற்று. ஆனால் எவ்வளவு மேல்? நூற்றுக்கு ஆறு ஏழு பேர். புப்ரோப்பியானைச் சேர்ப்பதற்கும் அதற்கும் இருந்த வித்தியாசம், தற்செயலாகவும் வரக்கூடிய அளவே. மேற்சொன்ன தவிப்பும் தூக்கக் கலக்கமும் உடல் பருப்பதும் அரிப்பிப்ரசோல் பிரிவில் அதிகம். மனப் பதற்றம் புப்ரோப்பியான் பிரிவுகளில் அதிகம். நன்மையும் தீமையும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. நோயாளிக்குத் தேவையானது இந்தத் தராசுதான்.

வயது முதிர்ந்தோர் விஷயமும் அப்படியே. 60 வயதுக்கு மேற்பட்ட 619 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பரீட்சை 2023-இல் வெளிவந்தது. அரிப்பிப்ரசோலைச் சேர்த்தவர்களில் நூற்றுக்கு 28.9 பேரும், புப்ரோப்பியானைச் சேர்த்தவர்களில் 28.2 பேரும், புப்ரோப்பியானுக்கு மாறியவர்களில் 19.3 பேரும் தெளிவடைந்தனர். முதல் இரண்டும் சமம்போல் தோன்றும். ஆனால் பரீட்சை நடத்தியவர்கள் நோயின் மார்க்கை மட்டும் எண்ணவில்லை. முதியவர்கள் தடுமாறிக் கீழே விழுந்ததையும் எண்ணினார்கள். புப்ரோப்பியானைச் சேர்த்த பிரிவில் தலைக்கு 0.55 தடவை விழுந்தார்கள். அரிப்பிப்ரசோல் பிரிவில் 0.33. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. விழுந்ததை எண்ண வேண்டும் என்று ஒருவர் நினைத்ததால்தான் இது தெரியவந்தது.

பொதுப்பணத்தால் நடக்கும் பரீட்சைக்கு இன்னொரு பயன் உண்டு. வழக்கத்தில் வேரூன்றிவிட்ட ஒரு காரியம் வீண் என்று சொல்லும் துணிவு அதற்கே உண்டு. பிரிட்டனில் குடும்ப வைத்தியர்கள் பலர், முதல் மருந்து பலிக்காதவர்களுக்கு மிர்ட்டாசப்பைன் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவிவந்தது. சர்க்கார் பணத்தில் 480 பேரைக் கொண்டு, வெறும் மாத்திரையுடன் ஒப்பிட்டுப் பரீட்சித்தார்கள். நோயாளிக்குப் புலப்படத்தக்க நன்மை இல்லை, பக்கத் தொந்தரவுகள் மட்டும் அதிகம் என்று 2018-இல் தெரிந்தது. ஒரு கம்பெனி இதைப் பரீட்சிக்க முன்வந்திருக்குமா? வந்திருந்தால், இந்த முடிவைத் தண்டோராப் போட்டிருக்குமா?

இந்தச் சந்தேகம் காரணமற்றதன்று. அமெரிக்க இலாகாவில் பதிவான, மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய 74 பரீட்சைகளை டர்னர் என்பவரும் சகாக்களும் 2008-இல் ஆராய்ந்தார்கள். சாதகமானவை என்று இலாகா கருதிய 38-இல் 37 பத்திரிகைகளில் வெளிவந்திருந்தன. பாதகமானவை அல்லது ஐயத்துக்குரியவை என்று கருதப்பட்ட 36-இல், உள்ளது உள்ளபடி வெளிவந்தவை மூன்றே. 22 வெளிவரவே இல்லை. 11 சாதகமான தோற்றத்துடன் வெளிவந்தன. இந்த நிலைமையில், வைத்தியர் எவ்வளவு கற்றவராயினும் ஏமாறாமல் என்ன செய்வார்? அரிப்பிப்ரசோலுக்குத் துணை மருந்தென்ற அனுமதி கிடைத்த அதே 2007-ஆம் வருஷத்தில்தான், அதை அனுமதியில்லாத உபயோகங்களுக்குப் பிரசாரம் செய்ததாக எழுந்தது முதலான குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்வதற்காக, பிரிஸ்டல்-மையர்ஸ் கம்பெனி 51.5 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டது.

கம்பெனிகள் கேட்க விரும்பாத இன்னொரு கேள்வி, விலை மலிந்த பழைய மருந்துகளைப் பற்றியது. லித்தியம் ஓர் உப்பு. அதற்குத் தனியுரிமை கொண்டாட யாராலும் முடியாது. ஆகவே அதைப் பெரிய அளவில் பரீட்சிப்பதால் யாருக்கும் லாபமில்லை. இந்த இடத்தில்தான் சர்க்கார் முன்வர வேண்டும், பிரிட்டனில் வந்திருக்கிறது. லித்தியத்தையும் குவெட்டியாபைனையும் நேருக்கு நேர் நிறுத்தி, 212 நோயாளிகளை ஆறு வாரமல்ல, ஒரு வருஷ காலம் கவனித்த பரீட்சை 2025-இல் வெளிவந்தது. மருந்தைக் கைவிடாமல் சாப்பிட்ட காலத்தில் இரண்டுக்கும் பேதமில்லை; வருஷ முழுவதும் பட்ட நோயின் பாரத்தைப் பார்த்தால் குவெட்டியாபைன் சற்று மேல். பழைய மருந்து தோற்றதென்று நாம் வருந்த வேண்டியதில்லை. நேர்மையான போட்டியில் தோற்பதும் அறிவுக்கு லாபமே.

அதே 2025-இல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்களின் தலைமையில் நடந்த மற்றொரு பரீட்சையும் வெளிவந்தது. நடுக்குவாத நோய்க்கு வழங்கும் பிராமிபெக்ஸோல் என்ற பழைய மருந்தை, மனச்சோர்வு நீங்காத 150 பேரிடம் துணை மருந்தாகப் பரீட்சித்தார்கள். 27 மார்க் கொண்ட அளவுகோலில் 12 வாரத்தில் அது 6.4 மார்க் குறைத்தது. வெறும் மாத்திரை 2.4 குறைத்தது. பக்கத் தொந்தரவு தாங்காமல் விலகியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. நம்பிக்கை தரும் முடிவு. ஆயினும் 150 பேரின் முடிவு. பெரிய பரீட்சை இன்னும் நடந்தாக வேண்டும்.

ஏழை நாடுகளால் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்களுக்கு, நமது அண்டை நாடான பாகிஸ்தான் பதில் சொல்லியிருக்கிறது. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் என்ற மலிவான மருந்து மனச்சோர்வுக்கும் உதவும் என்று சிறு பரீட்சைகளால் ஓர் ஆசை பிறந்திருந்தது. பாகிஸ்தானில் ஐந்து இடங்களில் 150 நோயாளிகளிடம் அதைப் பரீட்சித்து, துணை மருந்தாக அது பயன் தரவில்லை என்று 2023-இல் வெளியிட்டார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே அளவு நன்றாகத் தேறியிருந்தார்கள்! ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் இல்லாவிட்டால், அந்த நன்மை முழுவதும் மருந்தின் பேரில் எழுதப்பட்டிருக்கும்.

நமது வாதத்துக்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. கம்பெனிகள் பணம் போட்டிராவிட்டால் இப்புதிய மருந்துகளே இல்லை என்பது ஒன்று. அது உண்மை. அவர்கள் எப்போதும் மறைப்பவர்கள் என்றும் நாம் கூறவில்லை. அட்டிகாப்ராண்ட் என்ற துணை மருந்து போதிய பயன் தரவில்லை என்று ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனி 2025 மார்ச்சில் தானே அறிவித்துப் பரீட்சையை நிறுத்திக்கொண்டது. ஆனால் மருந்தைச் செய்தவனே அதன் மதிப்பையும் நிர்ணயிக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. பொன் செய்பவன் ஒருவன், உரைத்துப் பார்ப்பவன் வேறொருவன் என்று இருப்பதே உலக வழக்கு.

இரண்டாவது ஆட்சேபம், சர்க்கார் பரீட்சைகள் மட்டும் குற்றமற்றவையா என்பது. குற்றமற்றவை அல்ல. ஸ்டார்-டி பரீட்சையில் வெறும் மாத்திரைப் பிரிவே கிடையாது. நான்கு படிகள் ஏறினால் நூற்றுக்கு 67 பேர் தெளிவடைவார்கள் என்று 2006-இல் அவர்கள் போட்ட கணக்கு, நடுவில் விலகியவர்களும் நின்றிருந்தால் மற்றவர்களைப் போலவே குணமடைந்திருப்பார்கள் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. 2023-இல் பிகாட் என்பவரும் சகாக்களும் அதே நோயாளிகளின் குறிப்புகளை மீண்டும் கணக்கிட்டு, 35 பேரே என்றார்கள். முதலில் பரீட்சை நடத்தியவர்கள் இதை மறுத்திருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்பதைவிட முக்கியமானது ஒன்றுண்டு: மறுகணக்குப் போட முடிந்தது. மூலக் குறிப்புகள் ஒரு பொது ஸ்தாபனத்தின் வசம் இருந்தன, கேட்டவர்களுக்குக் கிடைத்தன. தவறு செய்யாத பரீட்சை உலகத்தில் இல்லை. தவறைக் கண்டுபிடிக்க இடம் கொடுக்கும் பரீட்சையே நமக்கு வேண்டும்.

'மருந்துக்குக் கட்டுப்படாத நோய்' என்ற பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு மருந்துகளைத் தக்க அளவில், தக்க காலம் கொடுத்தும் பலிக்காவிட்டாலே அப்படிச் சொல்லலாம் என்பது பொதுவான வழக்கு. அளவு போதாமலோ, மூன்று வாரத்தில் நிறுத்தியதாலோ, தைராய்டுக் கோளாறைக் கவனியாமல் விட்டதாலோ குணமாகாதவரை அந்தப் பட்டியலில் சேர்த்தால், வேண்டாத மருந்தின் பாரம் அவர் மேல் ஏறும். அரிப்பிப்ரசோல், குவெட்டியாபைன் போன்ற மருந்துகளை நெடுங்காலம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, வாயும் நாக்கும் தம் வசமின்றி அசையும் கோளாறு உண்டாகி, மருந்தை நிறுத்திய பிறகும் நிலைத்துவிடுவதுண்டு. ஆறு வாரப் பரீட்சையில் இதைக் காண முடியாது. இவ்வளவும் படித்துவிட்டு, சாப்பிடும் மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடலாகாது என்பதையும் இங்கே வற்புறுத்துகிறோம். திடீரென்று நிறுத்துவது அபாயம். வைத்தியரைக் கேட்பதே முறை.

பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்கள் எந்த நாட்டிலும் தங்கள் சர்க்காரிடம் கேட்க வேண்டியவை நான்கு. ஒரு மருந்துக்குத் துணை மருந்தென்று அனுமதி தருமுன், வெறும் மாத்திரையுடன் மட்டுமன்றி, வழக்கத்திலுள்ள மாற்று வழிகளுடனும் அது ஒப்பிடப்பட வேண்டும். பரீட்சை ஒரு வருஷமாவது நீடிக்க வேண்டும். நடந்த பரீட்சை எதுவாயினும், முடிவு எப்படியாயினும், மூலக் குறிப்புகளுடன் வெளிவர வேண்டும். லாபம் தராத பழைய மருந்துகளைப் பரீட்சிக்கும் செலவை, பொதுஜனங்களின் பேரில் சர்க்கார் ஏற்க வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. தன் துன்பத்தைத் தானே எடுத்துச் சொல்லவும் வலுவிழந்து கிடப்பதுதான் இந்த நோயின் குணம். கூட்டம் கூடிக் கோஷம் போட அந்த நோயாளிகளால் ஆகாது. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை அவர்களுக்காகக் கேட்பது, கேட்கத் திராணியுள்ளவர்களின் கடமையாகும்.